மலையில் வெட்டினால் லைனில் வெள்ளம்: உங்கள் ஆற்றின் வரைபடத்தைக் கையில் எடுங்கள்

2022 ஜூலை 4. கெடா, பாலிங் மாவட்டத்தில் குனுங் இனாஸ் மலையில் கொட்டிய மழை, மரக்கட்டைகளையும் சேற்றையும் உருட்டிக்கொண்டு குப்பாங் வட்டாரக் கம்பங்களுக்குள் பாய்ந்தது. மூன்று உயிர்கள் போயின. அதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று குனுங் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய திடீர் வெள்ளமும் யான் பகுதியில் உயிர்களைப் பறித்தது. இரண்டு முறையும் மழை விழுந்தது மேலே, மக்கள் மாண்டது கீழே. தோட்டங்களிலும் ஆற்றோரத் தாமான்களிலும் வாழும் நாம், நம் தலைக்கு மேலுள்ள நிலத்தில் என்ன நடக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்தாக வேண்டும். அதற்குக் கருவியாக வரைபடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் உரிமையும் நமக்கு இருக்கிறது.

வரைபடம் என்ன காட்டும்?

பாலிங்கில் விழும் மழை சுங்கை கெட்டில் வழியே கோல கெட்டிலைக் கடந்து சுங்கை மூடாவில் சேர்கிறது. உலு மூடா காட்டுத் தண்ணீரும் அதே ஆற்றுக்குத்தான் வருகிறது. இப்படி ஒரே ஆற்றுக்குத் தண்ணீர் அனுப்பும் நிலப்பரப்பு முழுவதையும் வடிநிலம் என்கிறோம். மூடா வடிநிலம் ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டர். கெடாவின் நெல்வயல்களும், பினாங்கு மாநிலத்தின் குடிநீரில் பெரும்பகுதியும் இதை நம்பியே இருக்கின்றன.

புவியியல் தகவல் முறைமை, அதாவது ஜிஐஎஸ், நிலத்தின் உயரம், சரிவு, ஓடைகள், காடு, மழையளவு, வீடுகள் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக ஒரே வரைபடத்தில் பொருத்துகிறது. உயரத் தரவை வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் தண்ணீர் எந்தப் பக்கம் சரியும் என்று கணினி கணக்கிடும். உங்கள் லைன் வீட்டருகே ஓடும் ஓடைக்குத் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது என்பது அப்போது தெளிவாகும். அந்த மலையின் சில ஆண்டுகளுக்கு முந்திய செயற்கைக்கோள் படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிட்டால் காடு எங்கே அழிந்தது என்பதும் தெரியும். கியூஜிஐஎஸ் மென்பொருளும், 10 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கும் சென்டினல்-2 படங்களும் இலவசம்.

வரைபடம் எங்கே ஏமாற்றும்?

இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு கட்டிய சாலையும் வெட்டிய கால்வாயும் அதில் இல்லை. அடர்ந்த ரப்பர், செம்பனை மரங்களின் உயரத்தையும் அது தரையோடு சேர்த்துக் காட்டிவிடும். தோட்டத்துச் சிறு வாய்க்கால்கள் இத்தரவின் 30 மீட்டர் கட்டத்தில் தெரியவே தெரியா.

அதனால்தான் களத்தறிவு தேவைப்படுகிறது. பால்மரம் வெட்டிய பெரியவர்களிடம் எந்த ஆண்டில் எந்தப் படிவரை தண்ணீர் ஏறியது என்று கேளுங்கள். அந்த அடையாளத்தைத் தேதி தெரியும் படத்தோடும் கைப்பேசி காட்டும் இடக்குறிப்போடும் பதியுங்கள். ஓடை கலங்கிய நாளையும் மீன் செத்து மிதந்த நாளையும் அவ்வாறே குறியுங்கள். புகார் கொடுக்கும்போது வாய்ச்சொல்லைவிட இந்தப் பதிவுக்கு வலு அதிகம்.

உங்கள் உரிமைகள்

குடிநீர்: 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டத்தின்படி (சட்டம் 446), தோட்டக் குடியிருப்பில் தங்கும் தொழிலாளர்களுக்கு நிர்வாகம் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

நிலத் திட்டம்: 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி (சட்டம் 172), உள்ளூர்த் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். குறித்த காலத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உங்கள் வட்டார நிலம் எதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்பதை பிளான்மலேசியாவின் ஐபிளான் இணைய வரைபடத்தில் பார்க்கலாம்.

சுற்றுச்சூழல்: 500 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட காட்டை விவசாய நிலமாக்கும் திட்டத்துக்குரிய சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, 2015ஆம் ஆண்டு ஆணையின்படி பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். அதைப் படித்துச் சுற்றுச்சூழல் இலாகாவுக்குக் கருத்து எழுதலாம்.

இப்போதே செய்ய வேண்டியவை

1. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் உங்களுக்கு மேற்புறமுள்ள ஆற்று நிலையத்தைக் கண்டுபிடியுங்கள். அதில் நீர்மட்டம் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என நான்கு நிலைகளில் காட்டப்படும். எச்சரிக்கை நிலை வந்தவுடன் முதியோரையும் குழந்தைகளையும் மேட்டுக்கு அனுப்புங்கள்.

2. மலையோடையில் தண்ணீர் திடீரெனக் கலங்கி, இலையும் கிளையும் அடித்து வந்தால் தளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே கரையை விட்டு மேடேறுங்கள். ஆபத்தில் 999ஐ அழையுங்கள்.

3. மேட்டில் புதிதாகக் காடு வெட்டுவது தெரிந்தால் படம், தேதி, இடக்குறிப்பு மூன்றையும் சேர்த்து மாவட்ட நில அலுவலகத்துக்கும் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் எழுதுங்கள். நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. ஆகவே உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

4. ஆலய நிர்வாகமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து, கணினி தெரிந்த இளைஞர்களைக் கொண்டு தோட்டத்தின் ஓடை வரைபடத்தைத் தயாரிக்கட்டும். பெரியவர்கள் அதைத் திருத்தட்டும்.

வெள்ளம் வடிந்த பிறகு நிவாரணப் பொருளுக்கு வரிசையில் நிற்பதோடு நம் பங்கு முடிந்துவிடக் கூடாது. மலையில் முதல் மரம் சாயும் முன்பே, திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே, வரைபடத்தோடு கேள்வி கேட்க வேண்டும். நம் ஆட்சேபத்துக்கு மிகுந்த பலன் கிடைக்கும் நேரம் அதுவே.