மைலேஜுக்காக 'ஸ்க்ரூ'வை திருகலாமா? பழைய புல்லட் கார்புரேட்டர் 'டியூனிங்' ரகசியம்

'டப்... டப்... டப்...' என்று நிதானமாக துடிக்க வேண்டிய பழைய புல்லட், சிக்னலில் நின்றதும் பொசுக்கென்று அணைந்து போகிறதா? நேராக மெக்கானிக் கடைக்கு போய், "அண்ணே, அப்படியே மைலேஜையும் கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்று சொல்பவர்கள்தான் அதிகம். வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

புல்லட்டுக்கும் சென்னைக்கும் பழைய சொந்தம். 1955-ல் என்பீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் இந்த வண்டி தயாரானது. அந்தக் காலத்து இரும்பு இன்ஜின் 350 சி.சி. வண்டிகள் பலவற்றில் இருப்பது 'மிக்கார்ப்' வி.எம்.24 கார்புரேட்டர். அதன் தொண்டை 24 மில்லி மீட்டர் அகலம். அதற்குத்தான் அந்த 24.

கார்புரேட்டரின் வேலை பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது. வெளியே தெரிவது இரண்டே ஸ்க்ரூ. ஸ்பிரிங் போட்ட பெரியது ஐடில் ஸ்க்ரூ, ரேஸை கூட்டிக் குறைக்கும். ஏர் பில்டர் பக்கம் இருக்கும் சின்னது ஏர் ஸ்க்ரூ.

கையில் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் பிளக், பாயின்ட், டேப்பெட், ஏர் பில்டர் நாலையும் பாருங்கள். கார்புரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்தில் காற்று கசிந்தாலும் ஐடிலிங் நிற்காது. பாதி வண்டிகளில் கோளாறு இங்கேதான். பழி மட்டும் கார்புரேட்டர் மேல்!

அடுத்து வண்டியை பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினை நன்றாக சூடாக்குங்கள். சோக் போட்டுக்கொண்டு டியூன் செய்யவே கூடாது. மூடிய ஷெட்டுக்குள்ளும் வேண்டாம், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும். ஆக்சிலேட்டர் கேபிள் லேசாக தளர்ந்திருக்கணும்.

இன்ஜினை அணைத்துவிட்டு ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே கடைசி வரை திருகுங்கள். இறுக்கினால் கூர்முனையும் அது உட்காரும் இடமும் போச்சு. அங்கிருந்து ஒன்றரை சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடில் ஸ்க்ரூவால் ரேஸை கொஞ்சம் ஏற்றி வைத்து, ஏர் ஸ்க்ரூவை கால் சுற்று, கால் சுற்றாக இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். இன்ஜின் வேகம் தானாக ஏறி, சத்தம் சீராகும் இடம் ஒன்று வரும். காது காட்டிக் கொடுக்கும். அங்கேயே விட்டு, ரேஸை இறக்குங்கள். இதையே மறுபடி ஒரு முறை செய்தால் வேலை முடிந்தது.

ஸ்க்ரூவை கிட்டத்தட்ட முழுசாக மூடினால்தான் வண்டி நிற்கிறது என்றால் பைலட் ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். கழற்றி பெட்ரோலில் கழுவி, காற்றடித்து ஊதுங்கள். கேபிள் கம்பியை விட்டு குத்தும் பழக்கம் இருக்கிறதே, அது மகா தப்பு. பித்தளை ஓட்டை பெரிசாகிவிட்டால் ஜெட்டை தூக்கிப்போட வேண்டியதுதான்.

சரி, மைலேஜ்? ஏர் ஸ்க்ரூவின் ஆட்டமெல்லாம் ஐடிலிங்கிலும் ஆக்சிலேட்டரை லேசாக திறக்கும்போதும்தான். ரோட்டில் ஓடும்போது பெட்ரோலை அளந்து விடுவது உள்ளே இருக்கும் நீடில். முழு ரேஸில் மெயின் ஜெட். அதனால் ஸ்க்ரூவை திருகி மைலேஜ் ஏறாது. ஏறவில்லையே என்று நீடிலை ஒரு காடி இறக்குவார்கள், சின்ன ஜெட் மாட்டுவார்கள். நாலு நாள் சந்தோஷம். பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்தால் இன்ஜின் கொதிக்கும். எக்ஸாஸ்ட் வால்வு கருகும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு, போர் போடும் செலவுக்கு எந்த மூலைக்கு?

இன்னொரு குழப்பமும் உண்டு. வி.எம்.24-ல் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை கெட்டியாகும். பின்னாளில் வந்த பல வண்டிகளில் ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கும். அதை உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். அப்படியே தலைகீழ்! புது வண்டி பழக்கத்தில் பழைய புல்லட்டில் கை வைப்பவரிடம் கவனமாக இருங்கள்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராம் போதும். அதாவது பழைய ஜெட்டில் அதே அளவு ஊற்றினாலும் கலவை மெலிந்துதான் போகும். சென்சார் வைத்த புது வண்டி தானே சரி செய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு நாம்தான் பார்க்கணும். ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சர் 'பட் பட்'டென்று வெடித்தால் மெலிந்த கலவை என்று சந்தேகப்படலாம்.

சந்தேகம் தீர பத்து கிலோ மீட்டர் ஓட்டி, இன்ஜின் ஆறியதும் பிளக்கை கழற்றுங்கள். காபி நிறமா, கவலை இல்லை. கரி படிந்து கருப்பா, பெட்ரோல் அதிகம். வெளுத்து வெள்ளையா, உடனே நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே மாற்றுங்கள். நீடில் மேலேறி பெட்ரோல் கூடும்.

வண்டியை பல நாள் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், உள்ளே வெள்ளையாக பூத்துவிடும். பழைய ரப்பர் டியூபும் வாஷரும் ஊறி உப்பியிருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.