கலங்கலில் மீன் ஏறுது

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை அடித்தால், முடிச்சூர் பக்கம் டீக்கடையில் ரெண்டே பேச்சுதான். வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பது ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. இன்னொன்று, "கலங்கல்ல மீன் ஏறுதாம்."

ஏரி நிரம்பி உபரி நீர் வழியும் கல்கட்டுதான் கலங்கல். அடையாறே ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரியில் பிறக்கிற ஆறு. கலங்கல் பக்கம் குடையோடு போய் நின்றேன். கொசுவலை, பழைய வேட்டி, பிளாஸ்டிக் கூடை என்று கையில் கிடைத்ததோடு ஆட்கள் இறங்கியிருந்தார்கள். "தண்ணிய பாக்காதீங்க சார், நுரைக்கு அடியில பாருங்க" என்றார் ஒருவர். பார்த்தேன். விரல் நீளக் கெண்டை ஒன்று, பாயும் நீரில் அசையாமல் நின்றது. வால் மட்டும் துடித்தது. சட்டென்று கல்மேல் எம்பியது, வழுக்கியது, மறுபடி நுரைக்குள் போனது.

அலாஸ்காவின் கெனாய் ஆற்றில் இதே எதிர்நீச்சலைப் பார்க்கக் காசு கட்டிப் படகேறுகிறார்கள். பனியாறு அரைத்த பாறைமாவு கலந்து, அந்தத் தண்ணீர் பால் கலந்த பச்சைநீலமாக இருக்கும். படகுக்காரர் ஓட்டம் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, பின்னோக்கித் துடுப்பை இழுப்பார்; படகு நீரைவிட மெதுவாக இறங்கும். கீழே சால்மன் ஏறிக்கொண்டிருக்கும். (நம் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கும் காலா மீன் அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை.) கடலில் வளர்ந்த சால்மன், பிறந்த ஓடையை மணத்தால் கண்டுபிடிக்கிறது. ஆர்தர் ஹாஸ்லரின் குழு 1970களில் குஞ்சுகளை மார்போலின் என்ற ரசாயனத்துக்குப் பழக்கி ஏரியில் விட்டது. வளர்ந்தவை, அதே ரசாயனம் சொட்டவிட்ட ஓடையைத் தேடி வந்து சேர்ந்தன.

நம்ம ஊர்க் கெண்டைக்கு அந்த ஊர்ப்பாசம் வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது புதுத்தண்ணீர்: நேற்றுவரை புல் முளைத்திருந்த, இன்று முழங்கால் ஆழம் நிற்கிற நிலம். குஞ்சுக்கு அங்கே பூச்சியும் நுண்ணுயிரும் தாராளம், விழுங்கப் பெரிய மீன் குறைவு. சேற்றுநீரில் கண் உதவாதே, மேடு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிகிறது? மார்க்கெட்டில் கெண்டை வாங்கினால் விலாவைப் பாருங்கள். செவுளிலிருந்து வால்வரை புள்ளிக்கோடு ஒன்று ஓடும். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு துளை. உள்ளே கூழ்த்தொப்பி போட்ட உணர்மயிர்கள். ஓட்டம் தொப்பியைச் சாய்த்தால் நரம்புக்குச் சேதி போகும். உடம்பாலேயே ஆற்றைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

இப்படிப் புதுத்தண்ணீர் தேடிப் போகும் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது பனையேறி மீன். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு. அதனால் காற்றையே சுவாசிக்கும். மேலே வரவிடாமல் அமுக்கி வைத்தால் மீனே மூச்சுமுட்டிச் செத்துவிடும்! முள் வைத்த செவுள்மூடியைத் தரையில் ஊன்றி ஊன்றி, ஈரப் புல்லில் நடந்தே அடுத்த குட்டைக்குப் போகும். தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, 1791இல் இது பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக எழுதினார். பருந்தோ காக்கையோ கவ்விப்போய் மரத்தில் விட்டிருக்கும் என்பது பின்னால் வந்தவர்கள் கணிப்பு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது, ஆனால் பெயர் நம்மிடம் அதற்கு முன்பே இருந்திருக்கிறது.

ஓட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கட்லாவும் ரோகுவும் குளத்தில் கொழுத்து வளரும், சினையும் பிடிக்கும், ஆனால் முட்டை விடாது. வெள்ளத்துக்குக் காத்திருக்கும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி, வேறு மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார். மழை வந்துவிட்டது என்று உடம்பை நம்பவைத்த ஊசி. இன்று நாம் தின்னும் வளர்ப்பு மீனில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததுதான்.

கலங்கலில் பிடித்த ரெண்டு கெண்டையை அந்த மனிதர் பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், மறுக்க மனசில்லை. வரும் வழியில் புது ரோட்டுக்கு அடியில் போட்ட சிமென்ட் குழாய். அதன் வாய் ஓடையைவிட ஒரு முழம் உயரத்தில் தொங்கியது. கீழே ஏழெட்டுக் கெண்டைகள் எம்பி எம்பி, குழாய்க்கு எட்டாமல் விழுந்துகொண்டிருந்தன. வீட்டில் பையைத் திறந்து அரிந்தபோது ரெண்டு வயிற்றிலும் மஞ்சளாகச் சினை.