ஃபாதர் கொடுத்த காகிதம் போதுமா?

கதிர்காமத்தில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் போன மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கல்யாணமாகி இரண்டு வருஷத்திலேயே அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவர். திருச்சபையின் திருமண நீதிமன்றத்தில் மனு போட்டு, விசாரணை முடிந்து, "இந்தத் திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது" என்று தீர்ப்பும் வாங்கிவிட்டார். இப்போது வீட்டில் மறுபடி மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "இந்தக் காகிதம் போதும்தானே தம்பி? கோர்ட்டுக்கு வேற அலையணுமா?"

போதாது. பதில் ஒரு வார்த்தைதான். ஆனால் ஏன் போதாது என்று விளக்க உட்கார்ந்தபோது ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. அந்தப் பேச்சைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

திருமணத்தை உண்டாக்குவது எது?

தாலியா, மோதிரமா, சாமியார் கொடுக்கும் ஆசீரா? கத்தோலிக்கப் போதனைப்படி மூன்றுமே இல்லை. மணமக்கள் இருவரும் மனமறிந்து, சுதந்திரமாகச் சொல்லும் சம்மதம்தான் திருமணம். 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1057-ஆம் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்தச் சம்மதத்தை வேறு எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது. அப்பா அம்மா சரி சொன்னால் போதாது, ஊர் கூடி நின்றாலும் போதாது. குருவானவர் திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் சாட்சி.

ஒரு காலத்தில் இரண்டு பேர் யாருக்கும் தெரியாமல் வாக்குக் கொடுத்துக்கொண்டாலே திருமணம் என்று இருந்தது. பிறகு ஒருவர் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று மறுத்தால்? அதனால்தான் திரெந்து பொதுச்சங்கம் 1563-ல் பங்குக்குருவும் சாட்சிகளும் கட்டாயம் என்று விதித்தது. நம் கோயில்களில் மூன்று ஓலை வாசிப்பதும் இதே அக்கறையில் வந்ததுதான். தடை ஏதாவது தெரிந்தால் யாரும் எழுந்து சொல்லலாம்.

1704, புதுச்சேரி

நம் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி வரலாறு இருக்கிறது. 1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதராக தூர்னோன் புதுச்சேரியில் வந்து இறங்கினார். தமிழ்க் கிறிஸ்தவர்களின் பழக்கவழக்கங்களை விசாரித்து, 1704 ஜூன் 23-ல் ஓர் ஆணை பிறப்பித்தார். 'மலபார் சடங்குகள்' சர்ச்சை என்று வரலாற்றில் பேசப்படுவது இதுதான். அந்த ஆணையில் கல்யாணத்துக்குப் பெரிய இடம் உண்டு. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிறு கூடாது, தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது, சின்னப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கக் கூடாது.

சேசு சபையினர் எதிர்த்தார்கள். இதையெல்லாம் ஒரே நாளில் நிறுத்தினால் மக்கள் தாங்க மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1744-ல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையோடுதான் ஓய்ந்தது.

இன்று பாருங்கள். தாலி இருக்கிறது, அதில் சிலுவையோ புறாவோ இருக்கிறது. அடையாளத்துக்கு வழி கிடைத்துவிட்டது. அதே ஆணையில் இருந்த மற்ற விஷயம், அதாவது கல்யாணம் பண்ணிக்கொள்ளும் ஆளுக்கு விவரம் தெரிகிற வயசும் மனசும் வேண்டும் என்பது, 300 வருஷம் தாண்டியும் பாடாய்ப் படுத்துகிறது.

முறைப்பெண் விவகாரம்

பங்குத்தந்தையர் இங்கே அடிக்கடி சந்திக்கும் இன்னொரு சிக்கல் சொந்தத்தில் கல்யாணம். திருச்சபைச் சட்டம் (1091) பக்கவழியில் நான்காம் படிவரை இரத்த உறவுத் திருமணத்தைத் தடுக்கிறது. அதன் கணக்கில் தாய்மாமன் மூன்றாம் படி. அத்தை மகன், மாமன் மகள் நான்காம் படி. பெரியப்பா மகளும் அதே நான்காம் படிதான். நம் கணக்கோ வேறு: அத்தை மகள் முறைப்பெண், பெரியப்பா மகள் அக்காவோ தங்கச்சியோ.

மூன்றாம், நான்காம் படிக்கு ஆயரிடம் விலக்கு கேட்கலாம். உடன்பிறந்தவர்களுக்கு ஒருபோதும் கிடையாது. ஆனால் விலக்கு என்பது தானாக விழும் முத்திரை இல்லை. சொத்து வெளியே போகக் கூடாது, பாட்டி சாகிறதுக்குள்ள பார்க்கணும் என்ற அவசரத்தில் பெண்ணை யாரும் கேட்பதில்லை என்பதுதான் இங்கே உண்மையான ஆபத்து. "முறை இருக்கு" என்பதே சம்மதம் ஆகிவிடாது.

செல்லாநிலை என்றால்

கத்தோலிக்கத் திருச்சபையில் விவாகரத்து இல்லை. இருப்பது செல்லாநிலைத் தீர்ப்பு. ஒரு நல்ல கல்யாணத்தை உடைப்பது விவாகரத்து. அன்றைக்கே கல்யாணம் உண்டாகவில்லை என்று விசாரித்துச் சொல்வது செல்லாநிலை. அச்சுறுத்திக் கட்டிவைத்தது, பெரிய விஷயத்தை மறைத்து ஏமாற்றியது, திருமணக் கடமைகளை ஏற்கும் மனநிலையே இல்லாதது போன்றவை காரணங்களாகலாம். முன்பு செல்லாநிலைக்கு இரண்டு நீதிமன்றங்கள் ஒரே தீர்ப்பைச் சொல்ல வேண்டும். 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை எடுத்துவிட்டு, ஒன்று போதும் என்றார்.

அக்கா மாதிரி பலரைப் பயமுறுத்தும் மூன்று தவறான எண்ணங்கள் இருக்கின்றன:

ஒன்று, "செல்லாதுன்னா பிள்ளைங்க முறையில்லாம பிறந்ததா ஆயிடுமா?" ஆகாது. செல்லும் என்று ஒருவராவது நல்லெண்ணத்தோடு நம்பியிருந்தால் பிள்ளைகள் முறையானவர்களே (சட்டம் 1137).

இரண்டு, "பிரிஞ்சு வந்துட்டா நன்மை வாங்கக் கூடாதாமே?" பிரிந்து தனியாக வாழ்வது மட்டுமே தடை ஆகாது. கேள்வி எழுவது மறுமணத்தில்தான்.

மூன்று, "அடிச்சாலும் பொறுத்துக்கிட்டு இருக்கணும், அதுதான் சிலுவை." இது திருச்சபையின் போதனை இல்லை. உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரிய ஆபத்து என்றால் பிரிந்து வாழ 1153-ஆம் சட்டமே இடம் தருகிறது.

கோர்ட் ஏன்?

இனி அக்காவின் கேள்வி. கோயிலில் நடந்த கல்யாணம் 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அரசுப் பதிவிலும் ஏறுகிறது. ஒரே சடங்கில் இரண்டு முடிச்சு. திருச்சபை நீதிமன்றம் தன் முடிச்சைப் பற்றி மட்டுமே பேச முடியும். 1996-ல் மோலி ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. திருச்சபைத் தீர்ப்புக்குச் சட்ட அங்கீகாரம் கேட்ட பொதுநல மனுவையும் 2017-ல் தள்ளுபடி செய்தது. ஆக, அந்தக் காகிதத்தை மட்டும் நம்பி மறுமணம் செய்தால் இரண்டாவது கல்யாணம் சட்டப்படி செல்லாது. முதல் துணை உயிரோடு இருக்கையில் மறுமணம் செய்த குற்றமும் சேரும்.

கோர்ட் வழி முன்பு மாதிரி கொடுமையாக இல்லை. 1869-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டப்படி கணவன் மனைவியின் பிறழுறவை நிரூபித்தால் போதும். மனைவியோ பெரும்பாலும் அதோடு கொடுமை, கைவிடல் என இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001 திருத்தம் இருவருக்கும் ஒரே காரணங்களை வைத்தது. பரஸ்பர சம்மத விவாகரத்தையும் கொண்டுவந்தது.

பாண்டியில் மூன்றாவது முடிச்சும் உண்டு. 1881-ஆம் வருஷத்து பிரெஞ்சு ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு குடியியல் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. பிரெஞ்சு சட்டத்தின் கண்ணில் கோயில் சடங்கு திருமணமே இல்லை. மேரியில் நடக்கும் பதிவுதான் திருமணம். அப்படிப்பட்ட குடும்பம் என்றால் முதலில் அந்தச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பார்ப்பது நல்லது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கல்யாணத்துக்கு முன்னாடி கோயில்ல ஒரு ஃபாரம் எழுதினாங்க. இஷ்டம்தானான்னு கேட்டாங்க. பக்கத்துல மாமா நின்னுக்கிட்டு இருந்தாரு. நான் வேற என்ன சொல்ல முடியும்?" என்றார்.

அந்த விசாரணை இருவரையும் தனித்தனியாகக் கேட்பதற்காகவே வைக்கப்பட்டது. ஓலை வாசிப்பதற்கு முன் அந்தப் பத்து நிமிஷம் ஒழுங்காக நடந்திருந்தால், பின்னால் இரண்டு நீதிமன்றம் ஏறும் வேலை பலருக்கு இருக்காது. அடுத்த வாரம் வக்கீலிடம் நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.