டிரிங்கோமலி (பாய்மரப் போர்க்கப்பல்)

டிரிங்கோமலி என்பது பிரித்தானிய அரச கடற்படைக்காக 1817ஆம் ஆண்டு பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட பாய்மரப் போர்க்கப்பல் ஆகும். இலங்கையிலுள்ள திருகோணமலையின் பெயரை ஆங்கிலேயர் தம் வாய்க்கு ஏற்ப ஒலித்ததே இப்பெயர். இன்றும் நீரில் மிதந்துகொண்டிருக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் இதுவே மிகப் பழையது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹார்ட்டில்பூல் நகரில், அரச கடற்படையின் தேசிய அருங்காட்சியகத்தில் இக்கப்பல் நிறுத்தப்பட்டுள்ளது. பார்வையாளர்கள் இதன் உள்ளே இறங்கிச் சுற்றிப் பார்க்கலாம்.

அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்துக்கு அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் செல்லும் மாணவர்கள் அங்கே முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கோயிலையும், மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அரண்மனைச் செங்கற்சுவர்களையும் காண்கிறார்கள். ஆனால் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்துக்குச் சென்ற அம்மன்னனின் கப்பல்களுள் ஒன்றைக்கூட எங்கும் காண முடிவதில்லை. கல்லும் செங்கல்லும் நிலைத்தன, மரம் நிலைக்கவில்லை. மரக்கலம் ஒன்று இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அழியாமல் இருக்க என்னென்ன வேண்டும் என்பதை டிரிங்கோமலியின் வரலாறு காட்டுகிறது. இக்கப்பல் சோழர் கப்பலைப் போன்றதன்று. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் உள்ளன. சோழர் காலத்தில் பீரங்கியும் இல்லை. எனினும் இந்திய மரத்தால், இந்தியக் கைகளால், இந்தியக் கரையில் கட்டப்பட்டு இன்றும் மிதக்கும் போர்க்கப்பல் என்ற வகையில் இது நாம் அறியத்தக்கது.

பெயர்

திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. வங்காள விரிகுடாவைக் கட்டுப்படுத்த விரும்பிய ஐரோப்பியர் அனைவரும் அதன்மீது கண் வைத்தனர். 1782இல் பிரெஞ்சுக் கடற்படையும் ஆங்கிலேயக் கடற்படையும் அதற்கு அருகே போரிட்டன. 1795இல் ஆங்கிலேயர் அத்துறைமுகத்தை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 வரை அங்கு இயங்கியது. எனவே கப்பலுக்கு இப்பெயர் இடப்பட்டது தமிழரைச் சிறப்பிக்க அன்று. அத்துறைமுகத்தின் நினைவாகவே ஆகும்.

கட்டுமானம்

நெப்போலியனுடன் நடந்த நீண்ட போர்களின்போது பிரித்தானியா ஏராளமான கப்பல்களைக் கட்டியது. அதனால் அந்நாட்டில் கப்பலுக்கு ஏற்ற ஓக் மரம் கிடைப்பது அரிதாயிற்று. தேக்கும் தேர்ந்த தச்சர்களும் இருந்த பம்பாய்க் கப்பல் தளத்தின் பக்கம் கடற்படை திரும்பியது.

அத்தளத்தில் தலைமைக் கப்பல் கட்டுநர்களாக இருந்தவர்கள் வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தினர். அக்குடும்பத்தைச் சேர்ந்த லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா 1736இல் சூரத்திலிருந்து பம்பாய் வந்தவர். டிரிங்கோமலியைக் கட்டியவர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா. 1842இல் சீனாவுடன் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தான கார்ன்வாலிஸ் என்னும் கப்பலும் இதே தளத்தில் 1813இல் கட்டப்பட்டதுதான்.

டிரிங்கோமலியின் வரைபடங்கள் முதலில் ஜாவா என்னும் பிரித்தானியக் கப்பலில் அனுப்பப்பட்டன. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் என்னும் கப்பல் ஜாவாவைத் தோற்கடித்ததால் அவை பம்பாய் வந்து சேரவில்லை. மறுபடி ஒரு தொகுதி வரைபடங்களை அனுப்ப வேண்டியிருந்தது. கட்டுமானம் 1816இல் தொடங்கியது. கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிமரத்தை நம் கடற்கரைத் தச்சர்கள் ஏரா என்பர். பார்சி வழக்கப்படி அந்த ஏராவில் வெள்ளி ஆணி ஒன்று அடிக்கப்பட்டது. 1817 அக்டோபர் 12ஆம் நாள் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. கட்டுவதற்கான செலவு சுமார் 23,000 பவுண்டு. செயிண்ட் எலெனா தீவின் வழியாகப் பயணம் செய்து 1819 ஏப்ரல் 30 அன்று அது இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தை அடைந்தது.

இது பிரிகேட் வகையைச் சேர்ந்தது. இவ்வகைக் கப்பலில் மூன்று பாய்மரங்களும் ஒரே ஒரு முதன்மைப் பீரங்கித் தளமும் இருக்கும். பெரும் போர்க்கப்பல்களோடு நேருக்கு நேர் நின்று மோதுவது இதன் வேலை அன்று. விரைந்து சென்று எதிரியை வேவு பார்ப்பது, வணிகக் கப்பல்களுக்குத் துணை செல்வது, எதிரியின் வணிகக் கப்பல்களைப் பிடிப்பது ஆகியவையே இதன் பணிகள். டிரிங்கோமலியின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளமும், கப்பல் ஏறத்தாழ 40 அடி அகலமும் உடையவை.

தேக்கின் பங்கு

மரக்கப்பலுக்கு மூன்று பகைகள் உண்டு. மழைநீர் தேங்குவதால் வரும் உளுப்பு, கடல்நீரில் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு, ஆணிகளைத் தின்னும் துரு என்பவை அவை. தேக்கில் இயல்பாகவே உள்ள எண்ணெய்ப் பசை உளுப்பையும் பூச்சியையும் பெருமளவு தடுக்கிறது. ஓக் மரத்திலுள்ள அமிலம் இரும்பு ஆணிகளை அரிக்கும். தேக்கு அவ்வாறு செய்வதில்லை. நீருக்குள் இருக்கும் பகுதியைப் புழுவிடமிருந்து காக்க அக்காலக் கப்பல்களின் அடிப்பகுதியில் செப்புத் தகடுகள் பொதியப்பட்டன.

பலகைகளின் இணைப்புகளில் நார் திணித்து, மேலே கீல் பூசி நீர் புகாமல் அடைப்பார்கள். கடலூர், தூத்துக்குடிக் கரைகளில் மரக்கலம் கட்டுவோர் இவ்வேலையைக் கலப்பத்து என்பர். எவ்வளவு நல்ல மரமானாலும் கலப்பத்து வேலையை அவ்வப்போது மறுபடி செய்தே ஆக வேண்டும்.

இத்தேக்கு மலபார்க் காடுகளிலிருந்து வந்தது. வெட்டிய மரங்களை யானைகள் ஆற்றங்கரைக்கு இழுத்து வரும். பிறகு அவை நீரோட்டத்தில் கடற்கரைக்கு மிதக்க விடப்படும். கடற்படையின் தேவைக்காகவே 1806இல் கிழக்கிந்தியக் கம்பெனி மலபாரில் காடுகளின் பொறுப்பாளர் ஒருவரை அமர்த்தி, தேக்கைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. மக்களின் எதிர்ப்புக்குப் பின் 1820களில் அம்முறை கைவிடப்பட்டது. பெருமரங்கள் குறைந்துபோனதால் 1840களில் மலபார் ஆட்சியர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கினார். டிரிங்கோமலியின் உறுதிக்கு மலபார்க் காடுகள் கொடுத்த விலை இது.

கடற்பணி

கப்பல் இங்கிலாந்தை அடைந்தபோது நெப்போலியப் போர்கள் முடிந்திருந்தன. எனவே அது 1845 வரை பயன்படுத்தப்படாமல் இருப்பில் வைக்கப்பட்டது. பின்னர் பீரங்கிகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டு, கனமான பீரங்கிகள் பொருத்தப்பட்டன. பின்புறமும் மாற்றி அமைக்கப்பட்டது. 1847 முதல் 1850 வரை வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களில் பணியாற்றியது. அடிமை வணிகத்தைத் தடுக்கும் சுற்றுக்காவலும் அப்பணியில் அடங்கும். 1852 முதல் 1857 வரை பசிபிக் கடலில் பணி செய்தது. அதற்குள் நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்டன. அதன்பின் பயிற்சிக் கப்பலாகப் பயன்பட்ட டிரிங்கோமலி, 1897இல் உடைப்பதற்காக விற்கப்பட்டது.

அழிவிலிருந்து தப்பியது

உடைப்பவரிடமிருந்து கப்பலை வாங்கிக் காத்தவர் ஜார்ஜ் வீட்லி காப் என்னும் செல்வந்தர். இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி அளிக்க அவர் வைத்திருந்த பூத்ராயன் என்னும் பழைய போர்க்கப்பல் அதே 1897இல் புயலில் சிக்கி அழிந்தது. அதன் இடத்துக்கு டிரிங்கோமலியை வாங்கிச் சீர்செய்து, அப்பழைய பெயரையே இதற்கும் இட்டார். அப்பெயரில் இது 1986 வரை பயிற்சிக் கப்பலாக இருந்தது. நாள்தோறும் ஆட்கள் தங்கிப் புழங்கியதால் கூரை ஒழுகினாலும் பலகை உளுத்தாலும் உடனே தெரிந்தது. ஓரளவேனும் பழுது பார்க்கப்பட்டது.

இதனோடு சேர்ந்து பயிற்சிக் கப்பலாக இருந்த இம்பிளாக்கபிள், டிரபால்கர் போரில் பங்கேற்றுப் பின்னர் பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பல். டிரிங்கோமலியைவிடப் பழையது. உலகப்போருக்குப் பிந்திய நெருக்கடியில் அதைப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கப்படவில்லை. 1949 டிசம்பரில் அதை ஆங்கிலக் கால்வாய்க்கு இழுத்துச் சென்று வெடிவைத்து மூழ்கடித்தனர். அருகருகே நின்ற இரு கப்பல்களில் ஒன்று எஞ்சியது, ஒன்று அழிந்தது.

சீரமைப்பு

1987இல் கப்பல் மிதவை ஒன்றின் மீது ஏற்றப்பட்டு ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டது. கப்பல் கட்டும் தொழில் நலிந்துபோயிருந்த அந்நகரில், வாரியர் என்னும் இரும்புப் போர்க்கப்பலைச் சீரமைத்து முடித்த தொழிலாளர்கள் இருந்தனர். அவர்களின் கைத்திறனே டிரிங்கோமலி அங்கு வரக் காரணமாயிற்று. 1990இல் தொடங்கிய சீரமைப்பு 2001இல் நிறைவு பெற்றது. செலவு சுமார் ஒரு கோடியே ஐந்து இலட்சம் பவுண்டு. 1992இல் கப்பலுக்குப் பழைய பெயர் மீண்டும் சூட்டப்பட்டது.

இன்றுள்ள கப்பலின் மரத்தில் 60 விழுக்காட்டுக்கும் மேல் 1817இல் பம்பாயில் பொருத்தப்பட்டதே எனக் கணக்கிடப்படுகிறது. இவ்வளவு பழைய மரக்கப்பலுக்கு இது மிக உயர்ந்த அளவு.

கப்பலில் காணத்தக்கவை

கரையிலிருந்து பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது அணியம் எனப்படும் முன்முனையில் உள்ள தலைப்பாகை அணிந்த ஆணின் உருவம். மேலே பார்த்தால் மூன்று பாய்மரங்களும், பாய்களைத் தாங்கும் குறுக்குமரங்களான பருமல்களும் தெரியும். காற்றும் அலையும் வீசும்போது மாலுமிகள் அவற்றின் மீது ஏறி நின்றே பாய்களைச் சுருட்டினர்.

மேல்தளத்துக்குக் கீழே பீரங்கித் தளம் உள்ளது. இக்கப்பல் வடிவமைக்கப்பட்டபோது அத்தளத்துக்கு 28 பீரங்கிகள் திட்டமிடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் 18 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 8 கிலோ எடையுள்ள இரும்புக் குண்டை வீசக்கூடியது. சுட்டவுடன் பீரங்கி பின்னால் பாயும். அதைத் தடுத்து நிறுத்தத் தடித்த கயிறு ஒன்று கப்பலின் பக்கத்தோடு கட்டப்பட்டிருக்கும். அத்தளத்தின் பின்கோடியில் தலைவரின் அறை. வெளிச்சமும் காற்றும் நிறைந்த அந்த அறையைப் பார்த்துவிட்டு அடுத்த தளத்துக்கு இறங்குவது நல்லது.

அடுத்த தளத்தில்தான் மாலுமிகள் உண்டு உறங்கினர். கூரை தாழ்வானது, உயரமானவர் குனிந்தே நடக்க வேண்டும். இருபுறமும் தொங்கு மேசைகள்; இரவில் அதே இடத்தில் தூளிப்படுக்கைகள். கடற்படை ஒருவருக்கு ஒதுக்கிய படுக்கை அகலம் 14 அங்குலம் மட்டுமே. பாதிப்பேர் காவல் பணியில் இருப்பார்கள் என்பதால் படுத்தவருக்குச் சற்றுக் கூடுதல் இடம் கிடைத்தது. அதற்கும் கீழே சரக்கறையில் தண்ணீர்ப் பீப்பாய்கள், உணவு, கப்பல் கவிழாமல் இருக்க வைக்கும் பாரம் ஆகியவை இருக்கும். வெடிமருந்து அறைக்குள் விளக்கு கொண்டுபோகக் கூடாது. அடுத்த அறையில் விளக்கு வைத்துக் கண்ணாடி வழியே வெளிச்சம் பெறுவது அக்கால வழக்கம்.

தளங்களுக்கு இடையே செங்குத்தான ஏணிப்படிகள் இருப்பதால் முதியவர்களும் சிறுவர்களும் கவனமாக இறங்க வேண்டும். கப்பலைச் சுற்றி அக்காலத் துறைமுகத் தெரு போன்ற கடைகளும் வீடுகளும் அமைக்கப்பட்டுள்ளன. அவை காட்சிக்காகப் புதிதாகக் கட்டியவை. கப்பலின் மரமே உண்மையான பழம்பொருள். பார்க்கும்போது இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தியாவில் கப்பல் பாதுகாப்பு

டிரிங்கோமலி பிறந்த மும்பையில் இதற்கு எதிரான நிகழ்வு ஒன்று நடந்தது. பிரித்தானியாவில் கட்டப்பட்டு 1961இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 1971 போரில் பங்கேற்றது. 1997இல் ஓய்வு பெற்றபின் 2001 முதல் மும்பையில் அருங்காட்சியகமாக இருந்தது. பராமரிக்க இயலாமல் 2012இல் மூடப்பட்டு, 2014இல் உடைக்கப்பட்டது. மும்பையில் கட்டிய கப்பல் இங்கிலாந்தில் மிதக்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்த கப்பல் மும்பையில் உடைக்கப்பட்டது. இரும்புக் கப்பலானாலும் ஆண்டுதோறும் செலவிட ஆள் இல்லையென்றால் நிலைக்காது என்பதை இது காட்டுகிறது.

விசாகப்பட்டினத்தில் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் 2002 முதல் அருங்காட்சியகமாக இயங்கி வருகிறது. அசந்தா ஓவியம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கவுண்டின்யா என்னும் பாய்மரக் கப்பல் 2025இல் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. பழங்கப்பல் எஞ்சாத இடத்தில், ஓவியத்தையும் தச்சரின் கைப்பழக்கத்தையும் கொண்டு மறுபடி கட்டிப் பார்ப்பது ஒரு வழி. சோழர் கப்பல்களைப் பற்றி அறிய விரும்புவோருக்கும், கல்வெட்டுகளோடு நம் கடற்கரைத் தச்சர்களின் தொழிலறிவும் துணையாகும். அத்தொழில் அறிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவதால், அவர்களின் சொற்களையும் முறைகளையும் இப்போதே பதிவு செய்வது தேவையான பணியாகும்.