ஸ்பெஷல் டூல் வாங்கினால் கட்டுப்படியாகுமா?

ஸ்பேனர், சாக்கெட், பிளையர் எல்லாம் எந்த காருக்கும் உதவும். ஸ்பெஷல் டூல் ஒரே ஒரு வேலைக்கென்று, சில சமயம் ஒரே ஒரு இன்ஜினுக்கென்று செய்யப்படுவது. மற்ற நாளெல்லாம் அது சுவர் ஆணியில் தொங்கும். அதில் பணம் போடுவதா என்பது பெரிய சர்வீஸ் சென்டரைவிடச் சிறிய பட்டறைக்குத்தான் முக்கியமான கேள்வி.

திருச்சியிலிருந்து நாமக்கல் சாலையில் சுமார் 40 கி.மீ. தொலைவில், காவிரியின் வடகரையில் இருக்கும் முசிறியை எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட ஊரின் தனிப் பட்டறைக்குப் பழைய ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் டீசல், இண்டிகா, பொலேரோ என்று கலந்துதான் வண்டி வரும். நடுநடுவே டாட்டா ஏஸும் வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனி டூல் வாங்கினால் முதல் முடங்கிப்போகும். எதையுமே வாங்காவிட்டால் வேலை திருச்சிக்குப் போய்விடும்.

முதலில் பார்க்க வேண்டியது ஆபத்தை. முன்பக்க ஷாக் அப்சார்பர் மாற்றும்போது அதைச் சுற்றியுள்ள காயில் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே இருக்கும். மேல் நட்டைக் கழற்றியதும் அத்தனை விசையும் ஒரே நொடியில் வெளியே பாயும். தாடையையோ விரல்களையோ உடைத்துவிடக்கூடிய விசை அது. கயிற்றாலும் கம்பியாலும் இழுத்துக் கட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. அந்தச் சிக்கனம் வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் கம்ப்ரசரை இரண்டு பக்கமும் எதிரெதிராக மாட்டி, இரண்டு திருகையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால், ஸ்பிரிங் சுருங்கித் தளர்ந்து நிற்கும். நட்டு அதன் பிறகுதான் கழல வேண்டும். இந்த வேலையை எடுக்கிற பட்டறைக்கு இந்த டூலில் லாபக் கணக்கு பார்க்க இடமில்லை. வாங்க முடியாவிட்டால் வேலையை எடுக்கக் கூடாது.

ஆபத்தில்லாத வேலைகளுக்கான டூல்களுக்குத்தான் கணக்கு. விலை 4,000 ரூபாய், ஒவ்வொரு வேலையிலும் கூடுதலாக மிஞ்சுவது 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்தாவது வண்டியில்தான் போட்ட காசு திரும்பும். மாதம் ஒரு வண்டி வந்தால் பத்து மாதம். வருஷத்துக்கு ஒன்று வந்தால் பத்து வருஷம். எத்தனை வரும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, போன வருஷத்து பில் புத்தகமே சொல்லிவிடும். கைக்கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத பட்டறைக்கு அந்த வரி திரும்ப வராது. அதையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின் இதற்கு நல்ல உதாரணம். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாட்டா விஸ்டா, ஃபியட் புன்டோ எல்லாவற்றிலும் அதே இன்ஜின்தான். அதில் டைமிங் செயின் மாற்ற, கேம்ஷாஃப்டையும் ஃபிளைவீலையும் அசையாமல் பூட்டும் ஊசிகள் தேவை. குத்துமதிப்பாகச் செயினை மாட்டி டைமிங் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே வீணாகும். ஒரு செட் வாங்கினால் மூன்று கம்பெனி வண்டிகளுக்கு ஆகும். மாருதி 2020 ஏப்ரலில் டீசல் கார்களை நிறுத்திவிட்டதால், ஓடுகிறவை பெரும்பாலும் வாரண்டி முடிந்து தனிப் பட்டறைகளைத் தேடி வருபவை. ஆகவே அந்த செட்டுக்கு இன்று வேலை இருக்கிறது. புது வண்டிகள் சேராததால் போகப்போகக் குறையும். வாங்குவதென்றால் இப்போதே வாங்கிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் விலைக்கு வாங்கவும் வேண்டாம். வீல் பேரிங் அழுத்தும் பிரஸ்ஸுக்கு லேத் பட்டறை இருக்கிறது. கூலி கொடுத்தால் முடிந்தது. அமெரிக்காவில் ஆட்டோஸோன் போன்ற உதிரிபாகக் கடைகள் டெபாசிட் வாங்கிக்கொண்டு டூலை இரவல் தருகின்றன, திருப்பிக் கொடுத்தால் பணம் முழுதும் கிடைக்கும். இங்கே அந்த வசதியைப் பக்கத்துப் பட்டறையின் பழக்கம்தான் தருகிறது.

நட்டைக் குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரென்ச் வேறு வகை. அது எந்த வண்டிக்கும் உதவுவதால் பணம் வீணாகாது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 6789 தரவிதிப்படி 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 முறை இறுக்கிய பிறகு அளவைச் சரிபார்ப்பது வழக்கம்.

வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில நூறு ரூபாய் புளூடூத் கருவி, ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 பின் சாக்கெட்டில் செருகினால் இன்ஜின் கோளாறுக் குறியீட்டைக் காட்டும், ஏ.பி.எஸ்., ஏர்பேக் பக்கம் பெரும்பாலும் போகாது. பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சர் சர்க்யூட்டில் பழுது என்று அர்த்தம். சென்சரும் போயிருக்கலாம், எலி கடித்த ஒயராகவும் இருக்கலாம். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கத் தெரியாதவருக்கு லட்ச ரூபாய் ஸ்கேனரும் அதற்கு மேல் சொல்லாது. விலை உயர்ந்த ஸ்கேனர்கள் பலவற்றுக்கு அப்டேட் சந்தாவும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். முசிறி அளவுள்ள ஊரில் அதைத் தனியாக வாங்குவதைவிட, இரண்டு மூன்று பட்டறைகள் சேர்ந்து வாங்குவதுதான் கட்டுப்படியாகும்.