உங்களுக்குத் தெரியுமா?

குடும்பக் கட்டுப்பாட்டுக்காக ஓர் அரசு இன்னொரு நாட்டுக்கு முதன்முதலில் உதவியது 1958இல். கொடுத்த நாடு சுவீடன். பெற்ற நாடு இலங்கை. அந்த முன்னோடித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் இரண்டு: ஒன்று, சிங்களக் கிராமப் பகுதியான பண்டாரகம, மற்றொன்று, மலையகத் தமிழர் கொழுந்து பறிக்கும் டயகம தேயிலைத் தோட்டப் பகுதி.

உட்கொள்ளும் கருத்தடை மாத்திரை அப்போது விற்பனைக்கு வந்திருக்கவில்லை. ஆணுறை, நுரை மாத்திரை போன்ற எளிய முறைகளே கைவசம் இருந்தன. இலங்கையில் இதற்கான களத்தை 1953இல் தொடங்கிய குடும்பத் திட்டச் சங்கம் முன்பே அமைத்திருந்தது. 1965இல் அரசே குடும்பத் திட்டத்தைத் தன் சுகாதாரப் பணியில் சேர்த்துக்கொண்டது.

1960களின் நடுவில் அமெரிக்காவும் இத்தகைய உதவியில் இறங்கியது. 1969இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் செயல்படத் தொடங்கியது. இந்தியாவோ, வெளிநாட்டு அரசு உதவிகள் தொடங்கும் முன்பே, 1952இல், உலகின் முதல் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது.

உதவி கொடுக்கும் நாட்டின் அரசியலும் அந்த உதவியைப் பாதிக்கும். 1984இல் அமெரிக்கா கொண்டுவந்த ‘மெக்சிகோ நகரக் கொள்கை’யின்படி, கருக்கலைப்புச் சேவை அளிக்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு அந்நாட்டின் குடும்பநல நிதி கிடையாது. அங்கே ஆட்சி மாறும்போதெல்லாம் அந்தத் தடை நீங்குவதும் திரும்புவதுமாக இருக்கிறது.