மாரிக்காலத்தில் ஒரு தீவு விடுதி

குளிர்நாடுகளிலே சிற்றூர் விடுதி நடத்துவோரின் வழியை அடைப்பது உறைபனி. யாழ்ப்பாணத் தீவுகளில் உறைபனி இல்லை. ஆயினும் அங்கும் வழியடைக்கும் பருவம் ஒன்றுண்டு. அதுவே மாரி.

நெடுந்தீவை எடுத்துக்கொள்வோம். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து, அமைதியான கடலில், ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணம். ஐப்பசி முதல் மார்கழி வரை, கடல் கொந்தளிக்கும் நாளில் படகு ஓடாது. வரவேண்டிய விருந்தினர் வாரார். வந்தவர் திரும்ப இயலார். ஆதலால் அரிசி, பருப்பு, எண்ணெய், மருந்து யாவற்றையும் மழைக்கு முன்னரே சேர்த்தல் வேண்டும். கருவாடும் ஒடியலும் அந்நாளில் கைகொடுக்கும். ஓலைக்கூரையாயின் அதனையும் முன்கூட்டியே வேய்ந்துவிட வேண்டும்.

வருவாய் குன்றும் இப்பருவம் வீணானதா? அன்று. தீவில் ஆறில்லை. சுண்ணக்கல் நிலத்தில் ஊறும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. நன்னீர்க் கிணறுகளுக்கு ஆதாரம் அதுவே. அளவுகடந்து இறைத்தால் உவர்நீர் மேலெழும்; அயலார் கிணறும் கெடும். வாளியால் அள்ளும் குடும்பத்துக்குப் போதுமான நீர், குழாய் திறந்து குளிக்கும் பத்து விருந்தினருக்குப் போதாது.

ஆகவே, எத்தனை அறை கட்டலாம் என்பதைக் கையிலுள்ள பணம் தீர்மானித்தல் தகாது. கிணறே தீர்மானிக்க வேண்டும். மாரியில் கூரைநீரைத் தொட்டியில் சேர்த்து வைப்பவர், கோடையில் கிணற்றுக்கு ஓய்வு கொடுக்கிறார். படகை மறிக்கும் மழையே விடுதியின் முதலீடுமாகும்.